பதுளை நேரம்

லண்டன்
1901 செப்டம்பர் 8

மொஹிதீன் நானாவுக்கு லத்தீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் கப்பல் கரை சேர்ந்தது. நானும் சேர்ந்தேன், வயிறு மட்டும் இன்னும் கடலிலேயே கிடக்கிறது. நீங்களும் ஸகீனா மதினியும் சுகந்தானா? என் ஸைனப் சுகமா? அவளைப் பாரம் தூக்க விடாதீர்கள்.

துரை ஆறு மாத லீவில் வந்தது சொந்தக்காரரைப் பார்க்க என்றுதானே நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் நினைத்தோம். அது இல்லை. நோர்வே என்று ஒரு தேசம், உலகத்தின் வடக்கு ஓரம். அங்கே குளிர்காலத்து இரவில் வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஒரு வெளிச்சம் ஆடுமாம். வடக்கு வெளிச்சம் என்கிறார்கள். அதைக் காட்டுவதற்கு ஒரு வழிகாட்டி கூட்டம் சேர்க்கிறான். பதினொரு வெள்ளைக்காரர், அதில் துரையும் ஒருவர். பத்து வருசமாக அவருக்குத் தேத்தண்ணி ஊற்றியவன் நான். நான் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. ஆகவே சாமான் தூக்கப் பன்னிரண்டாவது ஆளாக நானும் போகிறேன்.

இப்போது ஒரு பெரிய சங்கடம். வழிகாட்டி கொடுத்த அச்சுக் காகிதத்தைத் துரை வாசித்துச் சொன்னார். நாங்கள் போகும் ஊரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பாதியில்தான் திரும்ப முகம் காட்டுமாம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரமழான் டிசம்பர் பன்னிரண்டு அளவில் பிறக்கிறது. முப்பது நோன்பும் அந்த இருட்டுக்குள்தான். சூரியன் உதிக்காத ஊரில் எதைப் பார்த்து நோன்பு பிடிப்பது, எதைப் பார்த்துத் திறப்பது?

பிரயாணிக்கு நோன்பு கடமை இல்லை, ஊர் திரும்பிப் பிடிக்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் நேர்ச்சை உங்களுக்குத் தெரியாததா? மூன்று பிள்ளைகளை மையவாடியில் அடக்கியவன் நான். இந்த நான்காவதாவது தங்க வேண்டும், அதற்காக வரும் ரமழானில் பிரயாணமானாலும் நோயானாலும் ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று ஸைனபை முன்னால் வைத்து அல்லாஹ்வுக்கு நேர்ந்திருக்கிறேன். பிள்ளை பிறப்பதும் ரமழான் நடுவில். பள்ளிவாசல் ஜுனைதீன் லெப்பையிடம் கேட்டு மார்க்கம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.

பண்டாரவளை ஸ்டேஷனில் நீங்கள் என் சட்டைப்பையில் போட்ட மணிக்கூடு நன்றாக ஓடுகிறது. இங்கே நேரம் வேறு. ஆனாலும் நான் முள்ளைத் திருப்பவில்லை. அதைப் பார்த்தால் இப்போது நானா கடையைப் பூட்டுகிறார், மதினி விளக்கேற்றுகிறார் என்று தெரிகிறது.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
லத்தீப்


பதுளை
1901 அக்டோபர் 4

தம்பி லத்தீபுக்கு ஸலாம். இங்கே கடையும் வீடும் சுகம். மழை மட்டும் அடங்கவில்லை. ஹாலிஎல பாதையில் மண் சரிந்து வண்டிகள் இரண்டு நாள் நின்றன. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சூரியன் உதிக்காத ஊராம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போனது? உன்னை ஏய்க்க அந்த வழிகாட்டி ஏதோ அளந்திருக்கிறான். கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் மட்டும், உன் தம்பி போகும் ஊரில் கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்.

லெப்பையிடம் கேட்கச் சொல்கிறாய். போன பெருநாளுக்குப் பிறை பார்த்ததில் அவருக்கும் எனக்கும் வாய்த் தகராறு வந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து முகத்தைப் பார்த்தால் அவர் கிழக்கே, நான் மேற்கே. இருந்தாலும் உன் நேர்ச்சைக்காக என் மூக்கை அறுத்துக்கொண்டு கேட்கிறேன்.

ஸைனப் சுகம். அவிச்ச கிழங்கும் நெல்லிக்காயும் தவிர வேறொன்றும் இறங்கவில்லை. இதை எழுதும்போது கதவுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள்: "புள்ள ஒதைக்கிது. வாப்பாவப் போலதான் ஒரு எடத்துல நிக்காது எண்டு எழுதுங்க." எழுதிவிட்டேன்.

தோட்டத்தில் நமக்குக் கடை வைக்க அனுமதி தருவதாகத் துரை சொன்ன வார்த்தையை மறந்துவிடாதே. லீவு முடிந்து வந்து தருவார். அவர் மனம் கோணாமல் நடந்துகொள்.

நலம் நாடும் நானா,
மொஹிதீன்


பதுளை
1901 அக்டோபர் 28

தம்பிக்கு ஸலாம். நாங்கள் அனைவரும் சுகம்.

நீ கேட்டதற்கு விடை வந்துவிட்டது. சூரியன் தெரியாத ஊரில் உன் சொந்த ஊர் நேரத்தைப் பார்த்து நோன்பு பிடிக்கலாம் என்று லெப்பை சொல்கிறார். உன்னிடம் மணிக்கூடு இருக்கிறது. அதில் காலை நாலே முக்காலுக்கு முன்னால் ஸஹர் சாப்பிடு. மாலை ஆறு மணிக்குத் திற. அதோடு உன் கடமை முடிந்தது. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

கடையில் வேலை அதிகம். ஸகீனாவுக்கும் நேரம் இல்லை. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். துரையை விட்டு எங்கேயும் போகாதே. எந்தக் காரணத்துக்காகவும் பாதியில் திரும்பி வர நினைக்காதே.

மொஹிதீன்


லண்டன்
1901 நவம்பர் 23

நானாவுக்கும் மதினிக்கும் என் ஸலாம். நான் சுகம். குளிரில் காது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. லெப்பையின் விடையைப் படித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அவரோடு பேசாத நீங்கள் எனக்காகப் போய்க் கேட்டீர்களே, அதை மறக்கமாட்டேன். மணிக்கூட்டுக்கு ஒரு சிறு தோல் பை தைத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். இனி அது என் பள்ளிவாசல்.

ஆனால் நானா, இரண்டாவது கடிதத்தில் ஸைனபைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். "அனைவரும் சுகம்" என்றால் அவளும் அதில் அடக்கந்தானே? வேலைத் தொந்தரவில் விட்டுப்போயிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அடுத்ததில் அவள் வாயால் ஒரு வரி வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை.

நாளை மறுநாள் புறப்படுகிறோம். துரை தன் பழைய சப்பாத்தை எனக்குத் தந்திருக்கிறார். அவர் கால் என் காலைவிடச் சிறியது. சொன்னேன். நடக்க நடக்கச் சப்பாத்துத் தோல் இளகும் என்கிறார்.

தம்பி,
லத்தீப்


துரொம்ஸோ, நோர்வே
1901 டிசம்பர் 14

நானாவுக்கு ஸலாம். இன்று எனக்கு மூன்றாவது நோன்பு. அங்கே நீங்களும் நோன்போடு கடையில் இருப்பீர்கள். எல்லோர் நோன்பையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

வழிகாட்டி அளந்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான். இங்கே வந்து ஆறு நாள், சூரியனை ஒருமுறைகூடக் காணவில்லை. நடுப்பகலில் மட்டும், மலைக்குப் பின்னால் யாரோ விளக்கு வைத்ததுபோலக் கொஞ்சம் வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடையில் இருக்கும் பெண்கள்கூட விளக்கோடுதான் அரிசி, மா நிறுக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மணிக்கூட்டில் ஆறு மணி ஆகும்போது இங்கே பகல் சாப்பாட்டு நேரம். வெளுப்பு வரும் நேரத்தில்தான் எனக்கு நோன்பு திறப்பு. துரைமார் இறைச்சி தின்னும் மேசைக்குப் பக்கத்தில் நின்று ரொட்டியும் மீனும் வைத்துத் திறக்கிறேன். இவர்கள் அறுத்த இறைச்சியை நான் தொடுவதில்லை.

வடக்கு வெளிச்சம் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் மேகம். ஹான்ஸன் என்ற எங்கள் வழிகாட்டி தினமும் காலையில் "இன்றைக்கு" என்கிறான், இரவில் "நாளைக்கு" என்கிறான். காசு கொடுத்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நேற்று அழுதுவிட்டாள். இருபதாம் தேதி மலைக்குமேல் ஒரு குடிசைக்குப் பனிமான் பூட்டிய சறுக்கு வண்டியில் கூட்டிப்போகிறானாம். மேலே போனால் மேகத்தைத் தாண்டிவிடலாமாம்.

நானா, எனக்கு அந்த வெளிச்சம் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். இன்னும் இருபத்தேழு நோன்பு இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகப் பிடிக்க, அங்கே பிள்ளைக்கு ஒவ்வொரு நாளாக ஆயுள் கூடுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெண் பிறந்தால் நூருல் இனாயா என்று பெயர் வையுங்கள். ஆண் என்றால் உங்கள் இஷ்டம்.

லத்தீப்


பதுளை
1901 டிசம்பர் 20

தம்பிக்கு ஸலாம். நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

லண்டனிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. ஸைனபின் வாயால் ஒரு வரி கேட்டாய். அவளுக்கு இப்போது பேசப் பிடிக்கவில்லை. பெண்களுக்கு இந்த நேரத்தில் அப்படி இருக்கும் என்று ஸகீனா சொல்கிறாள். அல்லாஹ் நாடியதை யார் மாற்ற முடியும்? நீ நோன்புக்காக உடம்பை வருத்திக்கொள்ளாதே. முடியாவிட்டால் விடு. விட்டால் ஒன்றும் ஆகாது. இதை நான் சொல்கிறேன், உன் நானா சொல்கிறேன்.

இன்று நோன்பு திறக்க ஸகீனா கஞ்சி காய்ச்சினாள். உன் கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து உள்ளே வைத்தாள்.

மொஹிதீன்


துரொம்ஸோ ஆஸ்பத்திரி
1902 ஜனவரி 6

நானாவுக்கு ஸலாம். உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

இருபதாம் தேதி மலைக்குப் போனோம். பாதி வழியில் ஒரு சிறு குடிசை. சாமான் பாதியையும் என்னையும் அங்கே இறக்கிவிட்டு, மறுநாள் வண்டி அனுப்புவதாகச் சொல்லி மற்றவர்கள் மேல் குடிசைக்குப் போனார்கள். தின்ன ரொட்டி இருந்தது, விறகு இருந்தது. அன்று நோன்பைச் சரியாக ஆறு மணிக்குத் திறந்து, தொழுதுவிட்டுப் படுத்தேன்.

விழித்துப் பார்த்தால் மணிக்கூடு இரண்டு பத்தில் நின்றிருந்தது. குளிரில் உள்ளே எண்ணெய் உறைந்துவிட்டதாம், ஹான்ஸன் பிறகு சொன்னான். நான் எவ்வளவு நேரம் தூங்கினேன்? ஸஹர் நேரம் வந்ததா, போனதா? எதுவும் தெரியவில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். மலை ஓரத்தில் வானம் வெளுத்திருந்தது. பச்சையாக ஒரு வெளிச்சம் நெடுக எழுந்து நின்றது. ஸுப்ஹு விடிந்துவிட்டது என்று நினைத்தேன். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, நோன்புக்கு நிய்யத்து வைத்துவிட்டேன்.

கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அந்த விடியல் எழுந்து நடக்கிறது. மடிகிறது, விரிகிறது, சிவக்கிறது. அப்போதுதான் புரிந்தது. பதினொரு பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்தது இதுதான். நான் அதை ஸுப்ஹு என்று நம்பி நோன்பு வைத்துவிட்டேன். பிறகு பனி பிடித்துக்கொண்டது. வானமும் இல்லை, மலையும் இல்லை. நடுப்பகல் வெளுப்பு வந்தால் நேரம் பிடித்துவிடலாம் என்று அடிக்கடி வெளியே போய் நின்றேன். வரவில்லை. சப்பாத்துக்குள் பனி போய் நனைந்துவிட்டது. கழற்றவும் முடியவில்லை, இறுக்கம்.

தண்ணீராவது குடித்திருக்கலாமே என்பீர்கள். ஒரு நிமிசம் முந்தித் திறந்தாலும் நேர்ச்சை முறிந்துவிடும். கொஞ்சம் பிந்தித் திறந்தால் எனக்குத்தான் கஷ்டம், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இப்படியே நினைத்து நினைத்து இருந்தேன். விறகு எடுக்க எழுந்தபோது விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. வண்டி இருபத்திரண்டாம் தேதிதான் வந்ததாம். மேலே இருந்தவர்களை மேகம் மூடி, அவர்களுக்கு ஒரு வெளிச்சமும் தெரியவில்லையாம். காய்ச்சலில் நான் என்னென்னவோ பிதற்றினேனாம். துரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "எப்படி இருந்தது, லத்தீப்?" என்று இரண்டு தடவை கேட்டார். என் காலைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். வெளிச்சத்தைக் கேட்டிருக்கிறார்.

இடது காலைக் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். வலது காலில் பெருவிரல் மட்டும் மிச்சம்.

அது போகட்டும். நான் எழுதுவது வேறொன்றுக்காக. என்னைத் தூக்கி வந்ததும் வாயில் பால் ஊற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். இருபத்தாறிலிருந்து ஆஸ்பத்திரி மணிக்கூட்டில் பதுளை நேரத்தைக் கணக்குப் பார்த்து, தாதிக்குத் தெரியாமல் மறுபடி பிடிக்கிறேன். ஆனால் நான்கு நோன்பு விட்டுப்போய்விட்டது, நானா. டிசம்பர் இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்திநான்கு, இருபத்தைந்து. பிள்ளை பிறக்கும் நாளும் அதுதான். அந்த நான்கு நாளில் அங்கே ஏதாவது நடந்ததா? என்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கால் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இதற்குத்தான் அழுகிறேன்.

தந்தி அடியுங்கள். "சுகம்" என்ற ஒரு சொல் போதும்.

லத்தீப்


பதுளை
1902 பெப்ரவரி 10

என் தம்பி லத்தீபுக்கு. ஸலாம் சொல்லும் தகுதி எனக்கு இருந்தால் ஸலாம்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. தந்தி ஆபீஸ் வரை போனேன். தாளை வாங்கி பேனாவையும் கையில் எடுத்துவிட்டேன். "சுகம்" என்று எழுதக் கை வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளை இல்லை, தம்பி. உன் நான்கு நோன்பால் அல்ல. உன் ஒரு நோன்பாலும் அல்ல. ரமழானுக்கு ஒன்றரை மாதம் முன்னால், அக்டோபர் இருபத்திநான்காம் தேதி, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அஸர் தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிவிட்டது. அதன் அக்காமாருக்குப் பக்கத்தில் அடக்கினோம். ஸைனப் பிழைத்துக்கொண்டாள்.

லெப்பைதான் தொழவைத்தார். மையவாடியிலிருந்து வரும்போது பழைய கோபத்தையெல்லாம் விட்டு என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "புள்ளைக்காக நேர்ந்தது புள்ளையோட முடிஞ்சிச்சு. தம்பிக்கு எழுதிப்போடு. அவன் அந்தக் குளிருல பட்டினி கெடக்கத் தேவல்ல." தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து நான்கு நாள் கழித்து உனக்கு எழுதியது என்ன என்று நீயே எடுத்துப் பார். ஊர் நேரத்தைப் பார்த்து நோன்பு பிடி என்று லெப்பை சொல்லவில்லை. நான் சொன்னேன். அவர் பெயரைப் போட்டு நான் சொன்னேன்.

ஏன் மறைத்தேன்? தூர தேசத்தில் தனியாக இருக்கிறவன் தாங்கமாட்டான் என்று ஸகீனாவிடம் சொன்னேன். அது பாதி. மற்றப் பாதியையும் சொல்கிறேன். செய்தி தெரிந்தால் நீ துரையை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வந்துவிடுவாய், தோட்டத்துக் கடை கைநழுவிவிடும் என்று பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நோன்புதானே, பிடித்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் எழுதாவிட்டால் ஸைனப் இந்தக் கடிதத்தைத் தபாலுக்கு விடமாட்டாள். நேற்று நான் உனக்கு வேறு ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளை ரமழானில் பிறந்து மவுத்தாகிவிட்டது என்று எழுதினேன். என் பொய் வெளியே வராமல் இருக்க அதுதான் வழி என்று பட்டது. ஸகீனா அதை ஸைனபுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். மூன்று மாதமாக என்னோடு பேசாதவள் எழுந்து வந்து, கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அவர் கால எடுத்தீங்க. இனி புள்ளையக் கொன்னவன் எண்ட பேரையும் அவர் தலையில போடப் போறீங்களா?"

பிள்ளைக்கு அன்று பெயர் வைக்கவில்லை. உன் கடிதத்தில் இருந்த பெயரை ஸகீனா வாசித்தபோது, அதுவே இருக்கட்டும் என்று ஸைனப் சொன்னாள். நூருல் இனாயா என்று சொல்லித்தான் இப்போது அவளுக்காக ஓதுகிறோம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வந்து என் முகத்தில் துப்பு. ஆனால் வா.

மொஹிதீன்


துரொம்ஸோ
1902 மார்ச் 18

மொஹிதீன் நானாவுக்கு லத்தீப் எழுதுவது. ஸலாம். காயம் ஆறிவிட்டது. இங்கே இப்போது சூரியன் வருகிறது, பகல் நீளமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. ஹான்ஸன் எனக்கு மரத்தில் ஒரு கால் செய்து கொடுத்திருக்கிறான். அதை மாட்டி ஆஸ்பத்திரி நடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். திட்ட நிறைய இருந்தது. எழுதிய இரண்டு தாளையும் கிழித்துவிட்டேன்.

துரை கூட்டத்தோடு ஜனவரியிலேயே லண்டனுக்குத் திரும்பிவிட்டார். தோட்டத்தில் இனி நான் பங்களா வேலைக்கு உதவமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். என்மேல் இரக்கப்பட்டு, நமுனுகுலவில் கடை வைக்க உங்கள் பெயருக்கு அனுமதிக் காகிதம் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்குள் நான் கால் வைக்கமாட்டேன். மிச்சம் இருப்பதை அதற்குச் செலவு செய்ய மனம் இல்லை.

ஏப்ரலில் கப்பல் ஏறுகிறேன். பண்டாரவளைக்கு நீங்கள் வரவேண்டாம். மதினியோடு ஸைனபை அனுப்புங்கள். நான் இறங்கும்போது அவள் என் காலைப் பார்த்து அழுவாள், நான் அவள் மடியைப் பார்த்து அழுவேன். அதில் மூன்றாவது ஆள் வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சூட்டில் மணிக்கூடு தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. நின்றிருந்த நேரம் அதற்குள் இல்லை, ஆகவே இப்போது பதுளை நேரமும் காட்டவில்லை, இந்த ஊர் நேரமும் காட்டவில்லை. ஹான்ஸனின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த நான்கு நோன்பு இன்னும் மனதில் நிற்கிறது. இல்லாத பிள்ளைக்காகப் பிடித்த நோன்பில் விட்டுப்போனதை நான் திரும்பப் பிடிக்க வேண்டுமா, வேண்டாமா? ஜுனைதீன் லெப்பையிடம் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டு எழுத வேண்டாம், நானா. நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

லத்தீப்